நெருப்பை ஆற வைத்த ஞாயிற்றுக்கிழமை

சமையலறைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அது சுவரில் ஒட்டியிருக்கிறது, கண் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம். சுவரில் ஒட்ட முடியாத ஒன்றைத்தான் நான் சொல்ல முடியும். அதாவது, நான் அசடு வழிந்த கதையை. அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

என் பெயர் ஜெயா. கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தில் ஆட்குறைப்பு தொடங்கிய பிறகு எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் செய்ததையே நானும் செய்தேன்: விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனேன். பிறகு அந்த ரயிலோடு சண்டை போட்டு அலுத்துப்போய் லிங்கராஜபுரத்தில் வீடு பார்த்துக் குடியேறினேன். கம்பெனி கேன்டீன், கல்யாண சமையல், ஹோட்டல் என்று முப்பது வருடம். முப்பது வருடமும் எனக்குக் கொடுத்தது ஒரே வேலை, கட்டிங். வெங்காயம் உரி, வெங்காயம் நறுக்கு, அது முடிந்ததா, இன்னும் கொஞ்சம் வெங்காயம். வீட்டில் அடுப்பு பெண்களுக்கு, சம்பளம் கொடுக்கிற இடத்தில் அடுப்பு ஆண்களுக்கு. இது எந்த ஊர் சட்டம் என்று ஒரு ஹோட்டலில் வாய்விட்டுக் கேட்டேன். பதிலாக ஒரு மூட்டை வெங்காயம் வந்தது.

ஐம்பத்து நான்காவது வயதில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சின்ன உணவகத்தில் சேர்ந்தேன். டாக்கோ விற்கிற இடம். டாக்கோ என்றால் சோள ரொட்டியை மடித்து உள்ளே கறி, வெங்காயம், கொத்தமல்லி வைத்து எலுமிச்சை பிழிந்து கொடுப்பது. மெக்ஸிகோக்காரர்கள் கண்டுபிடித்தார்களாம். எனக்கென்னவோ சப்பாத்தியில் மிச்சக் கறியைச் சுருட்டி ஸ்கூலுக்குக் கொடுத்தனுப்பிய எல்லா அம்மாக்களும் கண்டுபிடித்தது போலத்தான் தெரிந்தது. இதை முதல் நாளே செஃப்பிடம் சொன்னேன். செஃப் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். அவள் சிரிக்காமல், "கரெக்ட்தான் ஜெயாக்கா, ஆனா உங்க அம்மா அதுக்கு முன்னூறு ரூபா வாங்கலையே," என்றாள். அப்போதே இவளிடம் வாலாட்டக் கூடாது என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கறியை அவள் சமைக்கிற விதம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. சூ வீட் என்று பெயர். முதலில் "எந்த வீட்ல செஃப்?" என்றுதான் கேட்டேன். மாட்டுத் தோள்கறியை உப்பு மசாலா தடவி, பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட வேண்டும். கொதிக்கிற வெந்நீர் இல்லை, கை சுடுகிற அளவுக்கு மட்டும். ஒரு மெஷின் அந்தச் சூட்டை ஒரு நாள் முழுக்க ஏறாமல் இறங்காமல் பிடித்து வைத்திருக்கும். நம் ஊரில் பீஃப் என்றால் எருமைதானே. அதுவும் வாழ்ந்து முடித்த எருமை. அவசரப்படுத்தினால் செருப்பு, பொறுமையாக விட்டால் பஞ்சு. வெந்த பிறகு பையோடு ஐஸ் தண்ணீரில் போட்டு ஆற வைத்து, ஈரம் துடைத்து, கனல் தெறிக்கிற கரி கிரில்லில் மேல்பக்கம் மட்டும் சுள்ளென்று சுட்டெடுக்க வேண்டும். ஆற வைக்காமல் சுட்டால் உள்ளே இருக்கிற பக்குவம் கெட்டுவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆற வைப்பதுதான் இந்தக் கதை.

நான் குக்கரில் விசில் எண்ணி வளர்ந்தவள். தொட்டியில் சத்தமில்லை, ஆவியில்லை, கொதியில்லை. சேர்ந்த முதல் வாரம், மெஷின் கெட்டுவிட்டது, பாவம் இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை என்று முடிவு செய்து, ஒரு பையைத் திருட்டுத்தனமாக வெட்டிக் கறியை எடுத்துக் குக்கரில் ஏழு விசில் விட்டேன். மதியம் செஃப் அதை கிரில் கம்பியில் வைத்தாள். வைத்ததும் அது நார்நாராகப் பிரிந்து கம்பிக்கு நடுவில் நழுவி நெருப்பில் விழுந்தது. ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"எத்தன விசில்?" என்றாள்.

"ஏழு."

"விசில் உங்களுக்கு தைரியம் சொல்லத்தான் ஜெயாக்கா. கறிக்கு அது தேவையில்ல."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இது மறக்கவில்லை. அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டேதான். கனல் எப்போது வெள்ளைச் சாம்பல் பூக்கிறது, கறியை எப்போது திருப்புகிறாள், எப்போது தொடாமல் விடுகிறாள் என்று எட்டு மாதம் பார்த்தேன். அவள் அதைக் கவனித்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமை காலை, பைகளைத் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

"நாளைக்கு ஞானஸ்நான பார்ட்டி, நாப்பது பேரு. சர்ச் முடிஞ்சு பன்னெண்டரைக்கு வருவாங்க. கிரில் நீங்க பாருங்க. நல்லா போச்சுன்னா கிரில் இனிமே உங்களுது. இல்லன்னா மறுபடியும் கட்டிங்தான், அப்புறம் கோச்சுக்கக் கூடாது."

நான் "சரி செஃப்" என்று மட்டும் சொன்னேன். பின்கட்டுக்குப் போய் கை கழுவுகிற சாக்கில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். முப்பது வருடம் கழித்து ஒருத்தி என்னிடம் நெருப்பைக் கொடுக்கிறாள். எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. கழுவிய கையையே மறுபடியும் கழுவினேன், அவ்வளவுதான்.

இப்போது சித்தராஜுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாசன் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது. சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கரி மூட்டுவது, விசிறுவது, கிரில்லுக்கு உதவியாக நிற்பது அவன் வேலை. அதிகம் பேச மாட்டான். சொன்னதைச் சொன்னபடி செய்வான். இந்தக் கடைசிக் குணத்தை நான் அதுவரை நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அவனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை பேச வராது. அதனால் என்ன, எனக்குத்தான் கன்னடம் அருவி மாதிரி வருமே!

என் கன்னடத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. தமிழ் வார்த்தையின் வாலில் ஒரு 'சு' ஒட்ட வேண்டும், முடிந்தது. சேர் என்பதற்கு சேர்ஸு. கலக்கு என்பதற்கு கலஸு. ஓட்டு என்பதற்கு ஓடிஸு. எல்லாமே சரியாக வரும், வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள். இந்த சூத்திரத்தை வைத்து நான் முப்பது வருடம் காய்கறி வாங்கியிருக்கிறேன், ஆட்டோக்காரர்களோடு சண்டை போட்டு ஜெயித்திருக்கிறேன். கன்னட மீடியத்தில் படித்த என் மகள் மட்டும், நான் கன்னடம் பேச ஆரம்பித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எல்லாம் பிரமாதமாக இருந்தது. பின்முற்றத்தில் நீளமான செங்கல் கிரில். சித்தராஜு மூட்டிய கரி அடிவரை சிவந்து மேலே வெள்ளை பூத்திருந்தது. நான் பதினாறு பைகளைத் தொட்டியிலிருந்து எடுத்து, கிரில்லை ஒட்டியிருந்த கல்மேடையில் வரிசையாக அடுக்கினேன். மேடைக்குக் கீழே ஐஸ் தண்ணீர்த் தொட்டி தயார். பைகளை அதில் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து செஃப் உள்ளேயிருந்து, "ஜெயாக்கா, சட்னி உப்பு பாருங்க!" என்று கூப்பிட்டாள்.

நான் போகிற வேகத்தில், முகவாயால் மேடைப் பக்கம் காட்டி, என் சூத்திரப்படி சித்தராஜுவுக்குக் கட்டளையிட்டேன்.

"சித்தராஜு, ஐஸ் நீரு ஹாக்கி அதன்னெல்லா ஆர்ஸு!"

ஐஸ் தண்ணீர் போட்டு அதையெல்லாம் ஆற வை. இதில் என்ன தப்பு இருக்கிறது?

அவன் ஒரு நொடி தயங்கினான். "எல்லானா அக்கா?" என்றான். எல்லாவற்றையுமா என்று கேட்கிறான்.

"எல்லா! ஒந்தூ பிடபேடா! பேக!" ஒன்றுகூட விடாதே, சீக்கிரம். தெளிவாகச் சொன்ன திருப்தியோடு உள்ளே போனேன்.

சட்னியில் உப்பு சரியாக இருந்தது. அதை நான் சொல்லி முடிப்பதற்குள் வெளியே 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. சிலிண்டர்தான் போய்விட்டது என்று நினைத்து ஓடினேன். முற்றம் முழுக்க ஆவியும் சாம்பலும். கொஞ்சம் கலைந்ததும் சித்தராஜு தெரிந்தான். தலையிலிருந்து கால்வரை விபூதி பூசியது போல நின்றான், கையில் காலித் தொட்டி. கிரில்லில் கறுப்புக் கஞ்சி ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஐஸ் கட்டிகள் மிதந்தன. பதினாறு பைகளும் மேடையில் வைத்தது வைத்தபடி, சுகமாக இருந்தன.

"ஆய்த்து அக்கா," என்றான். முடிந்தது அக்கா. முகத்தில் பெருமை.

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் தமிழில் கொட்டினேன். அவன் பரம்பரையில் ஆரம்பித்து அவன் போட்டிருந்த செருப்பு வரைக்கும் வந்தேன். ஒரு வார்த்தையும் புரியாமல், ஏதோ அடுத்த வேலை சொல்கிறேன் போல என்று அவன் கவனமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம். என் நெருப்பு அது! கையில் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

செஃப் வந்தாள். கிரில்லைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு பத்து. முகம் வெளுத்துவிட்டது.

"யாரு பெங்கி ஆர்ஸித்து?" என்று கேட்டாள். யார் நெருப்பை அணைத்தது என்று.

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. ஆர்ஸித்து. நெருப்பு, ஆர்ஸு. கன்னடத்தில் ஆர்ஸு என்றால் அணை.

சித்தராஜு என்னை ஒருமுறை பார்த்தான். நான் சொல்வேன் என்று காத்திருந்தான் போல. நான் பேசவில்லை. அவன் தரையைப் பார்த்து, "நானே மேடம்," என்றான்.

"ஏப்ரன் பிச்சு. மனெகெ ஹோகு." ஏப்ரனைக் கழற்று, வீட்டுக்குப் போ.

அவன் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு முடிச்சைத் தேடினான். சாம்பலும் ஈரமுமாக அது இறுகிப்போயிருந்தது, அவிழவில்லை.

உங்களுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். எனக்குத் தெரியும், செஃப்புக்குத் தெரியாது, அவன் சொல்லப்போவதில்லை. நான் சும்மா நின்றால் போதும். கிரில் எனக்குத்தான், கரி ஆள் இன்னொருத்தன் வருவான். அவனுக்குத் தமிழ் தெரியாது, என் கன்னடத்துக்கு வேறு சாட்சி இல்லை. இப்படியெல்லாம் நான் யோசிக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். யோசித்தேன். மூன்று நொடி இருக்கும். அந்த முடிச்சு சட்டென்று அவிழ்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அது அவிழவில்லை. அவன் அதை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"செஃப், நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஐஸ் நீரு ஹாக்கி அதன்னெல்லா ஆர்ஸுன்னு."

செஃப் என்னையே பார்த்தாள். "எதுக்கு நெருப்ப அணைக்கச் சொன்னீங்க?"

"நெருப்ப இல்ல செஃப். பைய ஆற வைக்கச் சொன்னேன். ஆற வை... ஆர்ஸு..."

"ஐயோ, ஜெயாக்கா!" தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்படியே தமிழ கன்னடமாக்கிட்டீங்களா? குளிர வைன்னா, தண்ணகெ மாடுன்னு சொல்லணும்."

"மாட்டத்தான் செஃப் சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் சிரிக்க நேரமில்லை. சித்தராஜுவிடம் திரும்பி, "பேடா, ஏப்ரன் இர்லி," என்றாள், வேண்டாம், இருக்கட்டும் என்று. பிறகு என்னிடம் கேட்டாள். "இப்ப என்ன செய்யறது? சொல்லுங்க. கிரில் உங்களுதுதானே."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் எது கெட்டுப்போகும், எது கெடாது என்று பார்த்தேன். கறி கெடாது. இந்தச் சமையலில் இருக்கிற பெரிய புண்ணியம் அதுதான். பைகளை மறுபடியும் தொட்டியில் இறக்கிவிட்டால் நமக்குப் புத்தி வரும் வரைக்கும் அது பொறுமையாகக் காத்திருக்கும். இறக்கினோம். உள்ளே கேஸ் அடுப்பு மூன்றுதான், ஒன்றில் ரொட்டி, ஒன்றில் பீன்ஸ், ஒன்றில் சாதம். ஆகவே நெருப்பு வேண்டும். புதுக் கரி ஒரு மூட்டை காய்ந்தே இருந்தது. ஆனால் வெறும் கரியை மூட்டிச் சிவக்க வைக்க முக்கால் மணி நேரம். எனக்கு வேண்டியது கரி இல்லை, கங்கு. ஏற்கெனவே சிவந்த கங்கு.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ரிச்சர்ட்ஸ் டவுனில் யாரிடம் கங்கு இருக்கும்?

பெரிய இரும்பு வாணலியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். பின்னாலேயே சித்தராஜு, வெள்ளைச் சாம்பலோடு. தெருமுனையில் மரத்தடியில் ஏகாம்பரம் அண்ணன் இஸ்திரி வண்டி. மர்பி டவுன் ஆள், முப்பது வருடமாக அதே மரம், அதே வண்டி. ஒரு பித்தளைப் பெட்டி கையில், இன்னொன்று கனன்றுகொண்டு பக்கத்தில், கீழே தகர டப்பாவில் அடுத்த ஈடு கங்கு.

"அண்ணே, கங்கு வேணும்!"

அவர் சித்தராஜுவை மேலும் கீழும் பார்த்தார். "இவரு யாரு, சுடுகாட்லேர்ந்து வராரா?"

"அண்ணே, வெளையாட நேரமில்ல. நாப்பது பேரு சாப்பிட வராங்க, நெருப்பு அணைஞ்சு போச்சு."

"எப்டி அணைஞ்சுது?"

"அத அப்பறம் சொல்றேன்."

"கங்க உனுக்கு குடுத்துட்டு நான் சட்டைய கையாலயே தேய்க்கட்டா? நல்லாக் கீதே நாயம்."

"சர்ச்லேர்ந்து கெளம்பிட்டாங்கண்ணே!"

"யாரு, ஞானஸ்நானக்காரங்களா?" அவர் கை நின்றது. "அந்த நாப்பது பேரு சட்டையும் நான்தாம்மா தேச்சேன். நேத்து ராத்திரி வரிக்கும் தேச்சேன். கொழந்தைக்கு வெள்ள கவுனு, அதுல மட்டும் பதினாலு மடிப்பு." கொஞ்சம் யோசித்தார். அவர் தேய்த்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு நாற்பது பேர் பசியோடு உட்கார்ந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சரி வா. ஆனா பொட்டிய யார் கையிலயும் குடுக்க மாட்டேன். நானே தூக்கினு வரேன்."

ஆகவே ரிச்சர்ட்ஸ் டவுன் அன்று ஓர் ஊர்வலம் பார்த்தது. முன்னால் நான், வாணலியோடு. நடுவில் ஏகாம்பரம் அண்ணன், இரண்டு கையிலும் புகைகிற இஸ்திரிப் பெட்டி. கடைசியில் சித்தராஜு, துண்டால் பிடித்த தகர டப்பா. தெருநாய் ஒன்று குரைக்க வாயைத் திறந்து, எங்களைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டது.

முற்றத்தில் நான்கு செங்கல் வைத்து அதன்மேல் வாணலியை உட்கார வைத்தோம். அண்ணன் பெட்டிகளைத் திறந்து கங்கைக் கொட்டினார். மேலே புதுக் கரி. சித்தராஜு எவர்சில்வர் தட்டால் ஒருபக்கம் விசிற, அண்ணன் சட்டைக்கு வைக்கிற அட்டையால் மறுபக்கம் விசிறினார். அவர் கங்கோடு வாழ்ந்தவர். எங்கே காற்று கொடுக்க வேண்டும், எங்கே கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கால் மணி நேரத்தில் வாணலி சிவந்தது. ஓவனிலிருந்த கம்பித் தட்டை உருவி மேலே வைத்தேன். அதுதான் எங்கள் கிரில்.

அதற்குள் நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். செஃப் சோள வறுவலும் சட்னியும் கொடுத்து அவர்களைச் சமாளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. இன்றைக்கு என் மனதில் இருப்பதை வெளியே சொல்ல அந்தக் குழந்தையாவது இருக்கிறதே என்று இருந்தது.

இப்போது இன்னொரு சிக்கல். ஆற வைக்க ஐஸ் இல்லை. ஐஸ் முழுக்க கிரில்லில் கிடந்தது. சூடான கறியையே சுட வேண்டும், உள்பக்குவம் கெடவும் கூடாது. சுவரில் ஒட்டியிருக்கிற காகிதத்தில் இதற்குப் பதில் கிடையாது. ஒரே பக்கம் விட்டு வைக்காமல் திருப்பிக்கொண்டே இருந்தால் சூடு உள்ளே இறங்காது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதுதான், தெரியாது. முதல் துண்டைத் துடைத்து வைத்தேன். சுள்ளென்று கொழுப்பு வெடித்துப் புகை எழுந்தது. பத்து எண்ணித் திருப்பினேன். மறுபடியும் பத்து. நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, பக்கத்தில் சித்தராஜு ஒந்து, எரடு, மூறு என்று எண்ணினான். பத்துக்கு இருவரும் சேர்ந்தே வந்தோம். எடுத்து ஓரத்தில் வைத்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு குறுக்கே வெட்டினேன். ஓரம் கறுத்து மொறுமொறுவென்று, நடுவில் கடைசிவரை இளஞ்சிவப்பு. நான் மூச்சு விட்டேன். பதினைந்து துண்டு இன்னும் பாக்கி.

நடுவில் குழந்தையின் பெரியப்பா ஒருவர் வாசனை பிடித்துக்கொண்டே முற்றத்துக்கு வந்துவிட்டார். கல்மேடையில் கறிக்குப் பக்கத்தில் இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"இங்க... இஸ்திரியும் போடுவீங்களா?"

"உங்க சட்டைய தேச்ச பெட்டிதான் சார் அது," என்றார் ஏகாம்பரம் அண்ணன், விசிறியபடியே. "காலரு கரெக்டா வந்துச்சா?"

அவர் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஏதோ புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பல்செட் கட்டியவர். ஆறு டாக்கோ சாப்பிட்டார், நான் எண்ணினேன்.

மூன்றரை மணிக்கு எல்லோரும் போனார்கள். குழந்தையின் அம்மா தானே பின்னால் வந்து, கறி யார் சுட்டது, இந்தப் புகைவாசனை எப்படி வந்தது என்று கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏகாம்பரம் அண்ணன் பெட்டிகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தார்.

பிறகு முற்றத்தில் கவிழ்த்த கூடைகள்மேல் உட்கார்ந்து நாங்கள் சாப்பிட்டோம். ஏகாம்பரம் அண்ணனும் இருந்தார். பெட்டி ஆறட்டும் என்று சொன்னார், நான்காவது டாக்கோ வரைக்கும் அது ஆறவில்லை. செஃப் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஜெயாக்கா, நீங்க உண்மையச் சொன்னீங்க. அது பெரிய விஷயம். ஆனா தப்பு தப்புதான். நெருப்புகிட்ட நிக்கற ஆளு என்ன சொல்றாங்கன்னு அவங்களுக்கே தெரியணும். கிரில் நாளைலேர்ந்து சித்தராஜு பாக்கட்டும். நீங்க கட்டிங்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் அநியாயம் இல்லை. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். "சரி செஃப்," என்றேன். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்களே என்று எழுந்து, மறுநாளைக்கு உரிக்க வேண்டிய வெங்காயக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு அது எப்போதையும்விடக் கனமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை.

செஃப் சித்தராஜுவிடம் அதையே கன்னடத்தில் சொன்னாள். அவன் எழுந்து நின்றான். இல்லை என்று தலையாட்டினான். பிறகு, எனக்கும் புரிய வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, அதுவரை வாயே திறக்காத தமிழில், சமையலறையில் காதில் விழுந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னான்.

"செஃப்... நானு வேணாம். நாளைக்கு... அக்காவ சுடுங்க."

நான் கூடையோடு ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"அடப்பாவமே," என்றார் ஏகாம்பரம் அண்ணன். "ஒரு தப்புக்கு அவ்ளோ பெரிய தண்டனையா?"

செஃப்புக்குக் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரேயடியாக வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. எதற்கு எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சித்தராஜு விழித்தான். அக்கா சுடட்டும் என்று தான் சரியாகத்தான் சொன்னோம் என்ற நம்பிக்கை அவன் முகத்தில் இருந்தது. அந்த முகத்தை நான் நன்றாக அறிவேன். முப்பது வருடமாகக் கன்னடம் பேசும்போதெல்லாம் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

செஃப் ஒருவழியாக மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "சரி. அவன் சொல்லிட்டான், நான் என்ன செய்ய? நாளைக்குப் பத்து மணிக்கு நெருப்பு மூட்டிடுங்க ஜெயாக்கா. கன்னடத்துல ஏதாவது சொல்லணும்னா மட்டும் முதல்ல என்கிட்ட வந்து சொல்லுங்க."

நான் அசையவில்லை. கூடை இடுப்பிலேயே இருந்தது. சித்தராஜு என் எதிரில் வந்து இரண்டு கையையும் நீட்டினான்.

"கொடக்கா," என்றான்.

அது தமிழா கன்னடமா என்று நான் யோசிக்கவில்லை. கொடுத்துவிட்டேன்.